விமானத்தின் அடிவயிற்றில் ஒரு படிக்கட்டு

காபி ஆற்றிப் பழக்கமில்லாதவர்கள் டம்ளரைப் பயந்து பயந்து சாய்ப்பார்கள். காபி டவராவுக்குள் விழாது. டம்ளரின் வெளிப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வழிந்து, அடி வரைக்கும் போய், அங்கிருந்து மேஜைமேல் சொட்டும். கை பழகினவர் ஒரே வீச்சாகச் சாய்ப்பார், டம்ளரின் விரிந்த விளிம்பு காபியைக் கத்திபோல வெட்டிவிடும், ஒரு சொட்டு வெளியே போகாது. வேகமும் கூர்மையான விளிம்பும் சேர்ந்தால்தான் தண்ணீர் தான் தொட்ட பரப்பை விட்டு விலகும், இல்லாவிட்டால் வளைவு எங்கே போகிறதோ அங்கேயே கூடப் போகும்.

நூறு வருடத்துக்கு முன்னால் தண்ணீரிலிருந்து விமானத்தைக் கிளப்பப் பார்த்தவர்கள் மாட்டிக்கொண்டு விழித்தது இதே இடத்தில்தான். மிதக்க வைப்பது பெரிய விஷயமில்லை, ஆர்க்கிமிடீஸ் காலத்திலிருந்து தெரிந்த கணக்கு. பறக்க வைப்பதும் 1903-க்கு அப்புறம் ஓரளவு கைவந்துவிட்டது. மிதந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பறக்கும் ஒன்றாக மாற்றும் அந்த அரை நிமிடம்தான் ஆளைக் கொன்றது. தண்ணீர் விடவே விடாது. கடல் விமானத்தின் வடிவத்தில் நமக்கு விநோதமாகத் தெரிகிற பல விஷயங்கள் அந்த அரை நிமிடத்துக்காகச் செய்தவைதான்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் இறங்கி ஏறும் எல்லாமே பொதுவாகக் கடல் விமானம், சீப்ளேன். இதில் இரண்டு சாதி. சாதாரண விமானத்தின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் படகு மாதிரி இரண்டு மிதவைகளைக் கால்போல மாட்டினால் அது மிதவை விமானம். விமானத்தின் உடலே படகாக இருந்து, வயிறு நேராகத் தண்ணீரில் உட்கார்ந்தால் அது பறக்கும் படகு. இரண்டுக்கும் சேர்த்துச் சக்கரமும் வைத்துவிட்டால் நிலத்திலும் இறங்கலாம். இவ்வளவு போதும்.

ஏன் தண்ணீர் என்று கேட்டால், அன்றைக்கு வேறு நல்ல இடம் இல்லை. 1910-ல் ஓடுபாதை என்றால் ஒரு மேய்ச்சல் நிலம், மழை பெய்தால் சேறு. எஞ்சினோ நினைத்தபோது நிற்கும். ஏரியும் கழிமுகமும் கடலோரமும் எந்த ஊரிலும் நீளமாக, தட்டையாக, காசில்லாமல் கிடந்தன. எஞ்சின் நின்றாலும் இறங்கி மிதக்கலாம் என்று ஒரு தைரியம் வேறு.

முதலில் எழும்பினவர் பிரான்சுக்காரர் ஹென்றி ஃபாப்ர். மார்செய் நகரத்துக் கப்பல் முதலாளி குடும்பம். 1910 மார்ச் 28 அன்று, மார்த்தீக் ஊருக்குப் பக்கத்தில் பெர் என்ற உப்பங்கழியில், சுமார் அரை கிலோமீட்டர் பறந்தார். அதற்கு முன்னால் அவர் விமானம் ஓட்டியதே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகாத விஷயம். 50 குதிரைசக்தி நோம் எஞ்சின் பின்னால், சின்ன இறக்கை முன்னால், பின்பக்கமாகப் பறப்பதுபோலத் தோன்றும் ஒரு மரச்சட்டக் கூடு, அதன் கீழே மூன்று மிதவைகள், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றும் கட்டையானது, அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் வளைவு, மூக்கு சற்றே தூக்கினமாதிரி சாய்வு. மனிதர் அப்புறம் 101 வயது வரை இருந்தார், 1984-ல்தான் இறந்தார். தண்ணீரில் பறக்கத் துணிந்தவர்களில் இப்படி நிம்மதியாகப் போனவர்கள் குறைவு.

ஃபாப்ரின் மிதவைகள் ஏன் வேலை செய்தன என்பது நமக்கு முக்கியம். குட்டையாகவும் தட்டையாகவும் இருந்ததால், ஒவ்வொரு மிதவையின் பின்முனையும் ஒரு கூர்மையான விளிம்பாக அமைந்துவிட்டது. தண்ணீர் அடியில் வழுக்கி வந்து அந்த முனையில் அறுந்து போய்விடும். வண்டியும் லேசு, தண்ணீரும் கழி என்பதால் அமைதி. அலையடிக்கும் கடலில் இது தாங்காது. நாலு பேர் உட்கார, பெட்ரோல் சுமக்க, அலையைத் தாங்க வேண்டுமென்றால் நீளமான, ஆழமான, படகு மாதிரியான உடல் வேண்டும். நீளமான படகு வந்ததும் காபி டம்ளர் பிரச்சினையும் கூடவே வந்தது.

இப்போது ஒரு பறக்கும் படகு கிளம்புவதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

எஞ்சினைத் தட்டி வேகம் பிடிக்க ஆரம்பிக்கும்போது அது வெறும் படகுதான். முழு எடையையும் மிதப்புதான் தாங்குகிறது. வேகம் கூடக்கூட மூக்குக்கு முன்னால் ஒரு அலை எழும். படகு அந்த அலையை முந்தப் பார்க்கும், முடியாது, ஏனென்றால் அலையை உண்டாக்குவதே அதுதான். மூக்கு மேலே தூக்கும், வால் கீழே அமுங்கும், விமானம் தானே எழுப்பிய மேட்டின்மேல் தானே ஏறத் திணறும். கடல் விமானக்காரர்கள் இந்தக் கட்டத்துக்கு வைத்திருக்கும் பெயரும் ஹம்ப், அதாவது மேடு. கிளம்பும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் இது வரும், தண்ணீரின் இழுவை இங்கேதான் உச்சம். எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இழுவை போகும். இந்த மேட்டைத் தாண்ட எஞ்சினுக்குத் தெம்பு இல்லையென்றால், அப்புறம் ஏரி எத்தனை மைல் நீளம் இருந்தாலும் பிரயோஜனமில்லை. நுரை தள்ளிக்கொண்டு ஏரியைச் சுற்றிச் சுற்றி வரலாம், அவ்வளவுதான்.

மேட்டைத் தாண்டிவிட்டால் காட்சி மாறும். சின்ன வயதில் குளத்தில் ஓட்டாஞ்சில்லைப் படுக்கவாட்டில் வீசியிருப்பீர்கள், தத்தித் தத்திப் போகும். ஓடு மிதக்கும் பொருளே இல்லை, ஆனால் வேகம் இருக்கும்வரை தண்ணீர் அதை அடியிலிருந்து தட்டித் தூக்கிக்கொண்டே இருக்கும். பறக்கும் படகும் மேட்டைத் தாண்டியதும் இப்படித்தான், தண்ணீருக்குள் அமிழ்ந்து போவதை விட்டு அதன்மேல் வழுக்க ஆரம்பிக்கும். நனையும் பரப்பு சுருங்கும், இழுவை சரியும், வேகம் விறுவிறுவென ஏறும், எடையை இறக்கைகள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும்.

பிரச்சினை என்னவென்றால், நீளமான படகின் அடிப்பக்கம் வால்பக்கமாகப் போகப்போக மேல்நோக்கி வளையும். அந்த வளைவைத் தண்ணீர் தொடரும். தொடரும்போது அதைக் கீழே பிடித்து இழுக்கும். நம்ப முடியவில்லையென்றால் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு கரண்டியைக் காம்பின் நுனியில் லேசாகப் பிடித்து, அதன் முதுகை மட்டும் விழும் தண்ணீரில் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளும் என்றுதானே தோன்றும். தள்ளாது, உள்ளே இழுக்கும். நான் இதைக் கட்டுரைக்காக மறுபடி செய்து பார்த்தேன், நாலு முறையும் கரண்டி போய்த் தண்ணீரில் ஒட்டிக்கொண்டது. காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியான தண்ணீர் ஒரு படகின் வயிறு முழுக்க இப்படி ஒட்டிக்கொண்டால் 80 குதிரைசக்தி எஞ்சின் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவில் க்ளென் கர்ட்டிஸ் மாட்டினார். ஆரம்பத்தில் சைக்கிள், அப்புறம் மோட்டார் சைக்கிள் என்று செய்துகொண்டிருந்த மெக்கானிக் மனுஷன். 1911 ஜனவரி 26 அன்று சான் டியாகோவில் தட்டையான பெட்டி மாதிரி ஒரு மிதவையை மாட்டித் தண்ணீரிலிருந்து எழும்பிவிட்டார். அடுத்த மாதமே ஒரு போர்க்கப்பலின் பக்கத்தில் போய் இறங்கி, கிரேனால் தூக்கிக் கப்பல்மேல் ஏற்றவைத்து, மறுபடி தண்ணீரில் இறக்கவைத்துத் திரும்பியும் பறந்தார். மிதவை அவருக்குச் சிரமம் கொடுக்கவில்லை. 1912-ல் நிஜமான படகுடல் ஒன்றைச் செய்து தன் ஊரான ஹாமண்ட்ஸ்போர்ட்டில் கியூகா ஏரியில் விட்டபோதுதான் அது கிளம்ப மறுத்தது. ஓடியது, நுரை கிளப்பியது, ஏரியை விடவில்லை.

கர்ட்டிஸ் கணக்குப் போட்டு இதைத் தீர்த்தவர் இல்லை. ஒரு மோட்டார் படகில் ஏறி, ஓடுகிற விமானத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போய், தண்ணீர் அடிவயிற்றில் எங்கே எப்படி ஒட்டுகிறது என்று பார்த்தாராம். பார்த்துவிட்டு வந்து, படகின் அடியில் பாதி நீளத்தில் ஆப்பு வடிவக் கட்டைகளை அடித்தார்கள். அதனால் வழவழவென்று ஓடிய அடிப்பக்கத்தில் திடீரென ஒரு படி வந்தது, முன்பாதி தாழ்ந்து, பின்பாதி சற்று உயர்ந்து. வேகமாக வந்த தண்ணீர் அந்தப் படியின் விளிம்பில் அறுந்தது, பின்னால் காற்றுப் புகுந்தது, பின்பாதி உலர்ந்தது. படகு எழுந்தது.

இதுதான் ஸ்டெப், படி. டம்ளரின் விளிம்பேதான், இடம் மட்டும் வேறு. பெரிய பறக்கும் படகில்கூட இதன் உயரம் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும், சின்ன மிதவையில் இரண்டு மூன்று விரல்கடை. படிக்குப் பின்னால் காற்று போதாமல் போனால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பதால் சிலர் பக்கவாட்டிலிருந்து குழாய் வைத்துக் காற்றை உள்ளே விட்டார்கள்.

படி கர்ட்டிஸின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரவும் வேண்டும். 1872-லேயே ரேமஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார், கப்பலின் அடியில் படி வைத்தால் தண்ணீர்மேல் வழுக்கிப் போகும் என்று அங்கே கடற்படைக்கு எழுதியிருந்தார், வில்லியம் ஃப்ரூட் என்ற கப்பல் பொறியாளர் அதற்குச் சின்ன மாதிரிப் படகு செய்து இழுத்தும் பார்த்தார். நீராவி எஞ்சினின் எடைக்கு அது கட்டுப்படியாகவில்லை, அப்படியே கிடப்பில் போட்டார்கள். லேசான பெட்ரோல் எஞ்சின் வந்த பிறகு பந்தயப் படகுக்காரர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். பிரான்சிலும் அதே 1912-ல் டெனோ என்பவர் பறக்கும் படகு செய்து பறந்துவிட்டார். யோசனை காற்றில் இருந்தது, கர்ட்டிஸ் அதை வேலைக்கு ஆகும்படி செய்து விற்றார் என்று வைத்துக்கொள்வோம்.

படிக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எழும்ப வேண்டுமென்றால் விமானம் மூக்கைத் தூக்க வேண்டும், அப்போதுதான் இறக்கை காற்றைச் சரியான கோணத்தில் பிடிக்கும். அடி முழுக்க ஒரே நேர்கோடாக இருந்தால் மூக்கைத் தூக்கும்போது வால் தண்ணீருக்குள் குத்தும். படிக்குப் பின்னால் அடிப்பக்கம் மேலே போய்விடுவதால், படியையே அச்சாக வைத்து விமானம் முன்னும் பின்னும் ஆடலாம். நிலத்து விமானத்துக்குச் சக்கரம் எப்படியோ அப்படி இதற்குப் படி. அதனால் படி இருக்க வேண்டிய இடம் எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால், கொஞ்சம்தான். ரொம்ப முன்னால் போனால் வால் அமுங்கும், ரொம்பப் பின்னால் போனால் பைலட் எவ்வளவு இழுத்தாலும் மூக்கு எழும்பாது. இடமோ கோணமோ பொருந்தாமல் போனால் ஓங்கில் (டால்பின்) துள்ளுவதுபோல விமானம் மேலும் கீழுமாகத் துள்ள ஆரம்பிக்கும், ஒவ்வொரு துள்ளலும் முந்தினதைவிடப் பெரிசாகும், நாலாவது ஐந்தாவது துள்ளலில் மூக்கு தண்ணீரில் சொருகிவிடலாம்.

சரி, தண்ணீரை விட்டாயிற்று. திரும்பி வந்து இறங்கவும் வேண்டுமே.

கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கையை நீட்டித் தலைகீழாகச் சொருகினால் வலிக்காது. ஒருமுறை தப்பாக வயிறு படக் குதித்துப் பாருங்கள், செவசெவவென்று சிவந்து போகும், இரண்டு நாள் வலிக்கும். தட்டையான அடிப்பக்கம் கொண்ட படகு ஒவ்வொரு அலையிலும் வயிறு படக் குதித்துக்கொண்டிருக்கிறது. அதனால் அடியைக் கூரையைக் கவிழ்த்தமாதிரி கூர்ப்பாக்கினார்கள். கூர்ப்பு கூடினால் தண்ணீர் மோதும் அதிர்ச்சி குறையும், ஆனால் தண்ணீர் தூக்கும் சக்தியும் குறையும், மேட்டைத் தாண்ட இன்னும் சிரமம். தட்டையாக இருந்தால் சீக்கிரம் வழுக்கும், முதுகெலும்பு போய்விடும். பந்தயத்துக்குத் தட்டை, கடலுக்குக் கூர்ப்பு, நடுவில் எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஒவ்வொரு வடிவமைப்பாளரும் மாறுபட்டார்.

இதை முறையாகப் பண்ணிப் பார்த்தவர் ஜான் சிரில் போர்ட், பிரிட்டிஷ் கடற்படைக்காரர். காசநோய்க்காரர், உடம்பு முடியாமல் நேவியிலிருந்து வந்தவர். 1914-ல் அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்காக கர்ட்டிஸ் 'அமெரிக்கா' என்று இரண்டு எஞ்சின் பறக்கும் படகு ஒன்றைச் செய்தபோது அதை ஓட்டப் போகிறவராக ஹாமண்ட்ஸ்போர்ட் போனார். சோதனையில் ஒரு வேடிக்கை. முழு விசையில் எஞ்சினை முடுக்கினால் விமானம் மூக்கைத் தூக்குவதற்குப் பதிலாகத் தண்ணீருக்குள் அமுக்கியது.

காரணம் எளிமையானது. தண்ணீர்த் துளி பட்டால் மர ப்ரொப்பெல்லர் அரித்துப்போகும், எஞ்சினும் நின்றுபோகும். அதனால் எஞ்சினை எவ்வளவு முடியுமோ அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள். உயரத்தில் இருக்கும் எஞ்சின் தலையில் கைவைத்து முன்னால் தள்ளுவதற்குச் சமம், கால் தண்ணீரில் இழுபட, தலை முன்னால் கவிழும். உயர எஞ்சின் வைத்த பறக்கும் படகுகளில் இந்தக் குணம் கொஞ்சமாவது இருக்கும், விசையைக் கூட்டினால் மூக்கு இறங்கும், குறைத்தால் ஏறும், நிலத்து விமானத்திலிருந்து வரும் பைலட்டுக்கு எல்லாம் தலைகீழாக இருக்கும். கர்ட்டிஸ் ஆட்கள் மூக்கின் இரண்டு பக்கமும் தட்டையான பட்டைகளை ஒட்டி அகலப்படுத்திச் சமாளித்தார்கள். ஆகஸ்ட்டில் கிளம்பத் திட்டம், ஆகஸ்ட் 4-ல் பிரிட்டன் போரில் இறங்கிவிட்டது, அட்லாண்டிக் போயிற்று.

போர்ட் ஊருக்குத் திரும்பி ஃபெலிக்ஸ்டோ கடல் விமானத் தளத்துக்குப் பொறுப்பேற்றார். கர்ட்டிஸின் படகுகளைக் கடற்படை வாங்கியிருந்தது, வட கடல் அலையில் அவற்றின் அடிப்பக்கம் தாங்கவில்லை. இறக்கைகளை வைத்துக்கொண்டு, உடலை மட்டும் தூக்கி எறிந்துவிட்டுத் தானே ஒன்று செய்தார், பின்னால் இன்னொன்று, ஒவ்வொன்றிலும் கூர்ப்பையும் படியின் எண்ணிக்கையையும் இடத்தையும் மாற்றி மாற்றி. அப்படி வந்ததுதான் 1917-ன் ஃபெலிக்ஸ்டோ எஃப்.2ஏ, ஆழமான கூர்ப்பு அடி, இரண்டு படி. அதற்கப்புறம் வந்த பறக்கும் படகுகள் பலவற்றிலும் அதன் சாயல் உண்டு. போர்ட் 1919-ல் இறந்தார், நாற்பது வயதுகூட ஆகவில்லை.

இவை பெயருக்குப் படகு இல்லை என்பதற்கு 1919 மே மாதம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் என்சி வகைப் பறக்கும் படகுகள் மூன்று நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அசோரஸ் தீவுகளுக்குக் கிளம்பின. பனிமூட்டத்தில் இரண்டு வழி தெரியாமல் கடலில் இறங்கிவிட்டன. என்சி-4 மட்டும் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மே 27-ல் லிஸ்பன் தொட்டு, அட்லாண்டிக்கைப் பறந்து கடந்த முதல் விமானம் ஆனது. எனக்கு அதைவிட என்சி-3-தான் பிடிக்கும். இறங்கும்போது அடிபட்டு மறுபடி எழும்ப முடியாமல் போனது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் ஹோல்டன் ரிச்சர்ட்சன், அந்தப் படகுடலை வடிவமைத்தவரே அவர்தான். புயல் அலையில் வாலைக் காற்றுக்குக் காட்டி, பின்பக்கமாகவே மிதந்து, 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளாடி மூன்றாவது நாள் துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். தான் வரைந்த படம் தண்ணீர் புகுமா புகாதா என்று இப்படி உட்கார்ந்து பார்க்கும் நிலைமை எந்த இன்ஜினியருக்கும் வர வேண்டாம்.

பக்கவாட்டில் கவிழாமல் இருப்பது இன்னொரு தலைவலி. உடல் ஒல்லி, மேலே எஞ்சின் கனம், இறக்கை நீளம். சும்மா விட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறக்கை நுனி தண்ணீரில் படுத்துவிடும். பெரும்பாலானோர் இரண்டு இறக்கை நுனியிலும் குட்டி மிதவை தொங்கவிட்டார்கள். ஜெர்மனியின் க்ளாடியஸ் டோர்னியர் அதை ஏற்கவில்லை. அலையில் அது முறிந்தால் கதை முடிந்தது என்பது அவர் கட்சி. அவர் உடலின் இரண்டு பக்கமும் கட்டையான, தடித்த குட்டி இறக்கை போன்ற ஒன்றைத் தண்ணீர் மட்டத்திலேயே நீட்டினார். அதுவே மிதவை, ஆள் ஏறி இறங்கத் திண்ணையும் அதுவே. 1922-ல் பறந்த 'வால்' (ஜெர்மன் மொழியில் திமிங்கிலம்) என்ற டோர்னியர் பறக்கும் படகு இப்படித்தான். முதல் உலகப் போர் உடன்படிக்கை ஜெர்மனியில் கைகட்டியதால் அதை இத்தாலியில் போய்ச் செய்தார்கள். கனம் அதிகம், நீரில் இழுவையும் அதிகம் என்று எதிர்த்தரப்பு சொல்லும், தப்பில்லை. 1929-ல் அவரே செய்த 12 எஞ்சின் டோ எக்ஸ் 169 பேரை ஏற்றிக்கொண்டு எழும்பியது, அதில் அளவுதான் ஆச்சரியம், பயன் பெரிதாக இல்லை.

பந்தயக்காரர்கள் இதே சாய்வுப் பிரச்சினையை வேறு பக்கமிருந்து சந்தித்தார்கள். ஷ்னைடர் கோப்பைப் பந்தய விமானங்களில் எஞ்சினின் சக்தி கண்டபடி ஏறியது. ப்ரொப்பெல்லர் ஒரு பக்கம் சுழன்றால் விமானம் எதிர்ப்பக்கம் திருகும், இடது மிதவை தண்ணீரில் அமுங்கி விமானம் வட்டமடிக்கும். 1927-ல் வெனிஸில் ஜெயித்த சூப்பர்மரீன் எஸ்.5-ல் பெட்ரோலை வலது மிதவைக்குள் வைத்துவிட்டார்கள். எடை அந்தப் பக்கம், திருகல் இந்தப் பக்கம், சரியாகப் போயிற்று. இவ்வளவு சுலபமான தீர்வுகளைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது.

பொருளுக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எல்லாம் மரம், செய்தவர்களும் படகுத் தச்சர்கள்தான். இங்கிலாந்தில் வைட் தீவின் கௌஸ் ஊரில் சாம் சாண்டர்ஸ் என்ற படகுக்காரர் மெல்லிய மரத் தாள்களை அடுக்கி, நடுவில் துணி வைத்து, செப்புக் கம்பியால் தைத்துவிடுவார். தைத்தது என்ற பொருளில் லத்தீனில் கொன்சூட்டா என்று பெயரும் வைத்தார். சோப்வித்தின் பேட் போட் என்ற பறக்கும் படகுக்கு உடல் அவர் பட்டறையிலிருந்து வந்தது. மெட்ராஸ் கரையின் மசூலா படகையும் பலகைகளைத் தேங்காய் நாரால் தைத்துத்தான் கட்டினார்கள், அலை அடித்தால் ஆணி பிய்ந்துவிடும், தையல் வளைந்து கொடுக்கும். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததில்லை, ஆனால் அலை எங்கேயும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறது.

மரத்தின் கெட்ட குணம், தண்ணீர் குடிப்பது. கடலில் நாள்கணக்கில் நின்றால் பெரிய உடல் நூறு கிலோவுக்கு மேல்கூடக் குடித்துவிடும், அத்தனையும் பயணியோ பெட்ரோலோ போயிருக்க வேண்டிய எடை. அதனால் 1920-களில் டியூராலுமின் என்ற அலுமினியக் கலவைக்கு மாறினார்கள், பிரிட்டனில் ஷார்ட் சகோதரர்கள் 1925-ல் ஃபெலிக்ஸ்டோ படகொன்றின் இறக்கைகளுக்குக் கீழே முழு உலோக உடலை மாட்டிப் பறக்கவிட்டார்கள். தண்ணீர் குடிக்காது, ஆனால் கலவையில் செம்பு இருப்பதால் உப்புத்தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும். அதற்கு 1923-ல் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் ஒரு வழி சொன்னார்கள். உலோகத்தைக் குரோமிக் அமிலத்தில் முக்கி மின்சாரம் பாய்ச்சினால் மேல்பரப்பு கெட்டியான ஆக்சைடாக மாறி, அரிப்பு உள்ளே போகாமல் காக்கும். இதற்குத்தான் அனோடைசிங் என்று பெயர். உங்கள் வீட்டில் கறுப்பாக ஒரு அனோடைஸ்டு குக்கரோ தோசைக்கல்லோ இருந்தால், அமிலம் மாறியிருக்கும், முறை அதே முறைதான். அது தொழிற்சாலை அளவில் முதலில் பயன்பட்டது கடல் விமானப் பாகங்களுக்கு.

இன்னொரு விஷயம், கேட்டால் நம்ப மாட்டீர்கள். கடல் விமானக்காரர்கள் அலைக்குப் பயப்படுவது புரிகிறது, அலையே இல்லாத, கண்ணாடி மாதிரி கிடக்கும் தண்ணீருக்கும் அவர்கள் பயப்படுவார்கள். இரண்டு காரணம். சிற்றலை இருந்தால் அடியில் காற்று கலக்கும், பிடி தளரும். கண்ணாடித் தண்ணீர் இறுக்கமாக ஒட்டும், கிளம்ப நீண்ட தூரம் ஓட வேண்டும். இறங்கும்போது இன்னும் மோசம், மேலிருந்து பார்த்தால் தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது, வானம்தான் தெரியும். அதனால் முன்னால் ஒரு மோட்டார் படகைக் குறுக்கே ஓட்டவிட்டுத் தண்ணீரைக் கலக்கிவிடும் வழக்கம் இருந்தது.

இதெல்லாம் நம் பக்கமும் வந்து போயிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா பறக்கும் படகுகள் நின்றன. இலங்கையில் காலிக்குப் பக்கத்துக் கொக்கல ஏரியும் அப்படியே. அங்கிருந்து கிளம்பிய கேட்டலினா ஒன்றில் போன கனடாக்காரர் லெனர்ட் பர்ச்சல்தான் 1942 ஏப்ரல் 4-ல் ஜப்பானியக் கடற்படை வருவதைப் பார்த்துச் சேதி அனுப்பினார், உடனே சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதானார். 1943-லிருந்து குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் கேட்டலினாக்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் கொக்கலவுக்கும் நடுவே 5,600 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறந்தன, 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை, வழியில் சூரியன் இரண்டு முறை உதிக்கும். பெட்ரோல் அவ்வளவு நிரப்பியதால் பயணிகளுக்கு மூன்றே இடம். கேட்டலினாவின் படத்தைப் பார்த்தால் இதுவரை சொன்னதெல்லாம் ஒரே உடம்பில் இருக்கும். கூர்ப்பான அடி, அதில் படி, உடலுக்கு மேலே ஒரு தூண் நிறுத்தி அதன்மேல் இறக்கை, எஞ்சின்கள் அங்கே உச்சியில், பறக்கும்போது மேலே மடங்கி இறக்கை நுனியாகவே மாறிவிடும் குட்டி மிதவைகள்.

ஆனால் அந்தப் போரே இவற்றுக்கு முடிவும் கட்டியது. குண்டுவீச்சு விமானங்களுக்காக உலகம் முழுக்க நீளமான கான்கிரீட் ஓடுபாதை போட்டுவிட்டார்கள், போர் முடிந்ததும் அவை சும்மா கிடந்தன. ஓடுபாதை இருக்கும்போது, ஆழமான வயிற்றையும் அந்தப் படியையும் காற்றில் இழுத்துக்கொண்டு ஏன் போக வேண்டும்? தண்ணீரை வெட்டுகிற விளிம்பு காற்றையும் வெட்டும், சுழல் உண்டாக்கும், வேகத்தைத் தின்னும். தண்ணீரில் அரை நிமிட வேலைக்கு வைத்த படி, வானத்தில் பத்து மணி நேரம் சுமை.

ஓடுபாதை போட இடமில்லாத ஊரில் கடல் விமானம் இன்னும் இருக்கிறது. மாலத்தீவு போய்வந்த யாராவது சிவப்பும் வெள்ளையுமாக ஒரு மிதவை விமானத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். அடுத்தமுறை அப்படி ஒரு படமோ வீடியோவோ வந்தால், விமானம் தண்ணீரை விட்டு எழும்பும் இடத்தில் நிறுத்தி, மிதவையின் அடியில் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் பின்னால் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று விரல்கடை உயரத்தில் ஒரு வெட்டு இருக்கும், அங்கிருந்துதான் கடைசிச் சொட்டுகள் அறுந்து விழுந்துகொண்டிருக்கும்.